தாத்தாவின் அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

நிலக்கோட்டை வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. வீட்டிலிருந்து கிளம்பி வத்தலக்குண்டு தாண்டினால் கொடைக்கானல் மலைப்பாதை. திண்டுக்கல் பக்கம் போனால் 18 கொண்டை ஊசி வளைவுகளோடு சிறுமலை. மதுரைக்குப் போகலாம் என்றால் நாற்கரச் சாலையில் லாரிகளும் ஆம்னி பஸ்களும் பறக்கின்றன. ஏறுவதற்கு அம்பாசடரின் இன்ஜின் பெருமூச்சு விட்டாலும் எப்படியோ ஏறிவிடும். இறங்கும்போது, சாலை நடுவே திடீரென ஒரு மாடு வரும்போது, வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி.

கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்து வாசலில் ஒரு காலத்தில் வரிசைகட்டி நின்ற டாக்ஸிகளில் பெரும்பாலானவை அம்பாசடர்கள்தான். அந்த டாக்ஸிகள் போய்விட்டன. ஆனால், 'அப்பா வாங்கிய வண்டி', 'தாத்தா கல்யாணத்துக்கு வந்த வண்டி' என்று ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருக்கும் அம்பாசடர்களும் பிரீமியர் பத்மினிகளும் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றுக்கு பெயின்ட் அடித்து, சீட் தைத்து, மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது மெக்கானிக் செட்டில் தவறாமல் எழும் கேள்வி இது: 'முன்னாடி டிரம்மைக் கழட்டிட்டு டிஸ்க் போட்டுடலாமா?'

போடலாம். ஆனால், அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய உண்டு.

ஒரு பிரேக், ஒரு லிட்டர் வெந்நீர்

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. அவ்வளவுதான் அதன் வேலை. சுமார் 1,100 கிலோ எடையுள்ள அம்பாசடர் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரேயடியாக நிறுத்தினால் சுமார் 2.7 லட்சம் ஜூல் சூடு பிறக்கும். புரியும்படி சொன்னால், ஒரு லிட்டர் தண்ணீரை டீ போடும் அளவுக்குக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. வேகம் பாதியாக, அதாவது 40 கிலோமீட்டராக இருந்தால், சூடு பாதியாகாது. கால்வாசியாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்குக்கு வேலை நான்கு மடங்கு என்பதை ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் எல்லோரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். கொடைக்கானல் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டு சமவெளிக்கு வந்து சேர ஏறக்குறைய 1,800 மீட்டர் இறங்க வேண்டும். கணக்குப் போட்டால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 முறை நிறுத்தியதற்குச் சமமான சூடு இந்த ஓர் இறக்கத்தில் வெளியாக வேண்டும். எழுபது லிட்டர் வெந்நீர்! இதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். கியரை நியூட்ரலில் போட்டு 'பெட்ரோல் மிச்சம்' என்று இறக்குபவர்களுக்கு, இன்ஜினின் பங்கும் பிரேக் மேலேயே விழும்.

டிரம் ஏன் சோர்ந்து போகிறது?

டிரம் பிரேக் என்பது சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்புச் சட்டி. அதற்குள்ளே அரைவட்ட வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். மிதித்ததும் வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கம் தள்ள, ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங், சட்டியின் உட்சுவரில் உரசி வண்டியை நிறுத்தும்.

இந்த அமைப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. சுழலும் டிரம், முன்னால் இருக்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். நாம் லேசாக மிதித்தாலும் பிடி பலமாக விழும். பூஸ்டர் இல்லாத பழைய கார்கள் அத்தனை வருஷம் ஓடியது இந்தக் குணத்தால்தான்.

கெட்ட குணம், சூடு வெளியேற வழியில்லாதது. உரசும் இடம் சட்டிக்குள் மூடிக் கிடக்கிறது. சூடு ஏற ஏற டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். அதனால் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். அடிவாரம் நெருங்கும்போது கருகிய வாசனை வருவதும், 'மேலே இருந்த பிரேக் இப்போ இல்லையே' என்று டிரைவர் பதறுவதும் இதனால்தான். மழைக்காலத்தில் சாலையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் சட்டிக்குள் போன நீர் வடியும்வரை பிடி இருக்காது. தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைப்பது பழைய டிரைவர்களின் பழக்கம்.

டிஸ்க் பிரேக்கில் உரசும் தகடு வெட்டவெளியில் சுற்றுகிறது. காலிப்பர் என்ற இடுக்கி, இரண்டு பக்கமும் பேடுகளை வைத்து அந்தத் தகட்டை நசுக்கும். காற்று பட்டுச் சூடு சீக்கிரம் ஆறும். நீர் பட்டாலும் சுழற்சியில் சிதறிவிடும். சூட்டில் தகடு விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும், விலகாது. இடது, வலது இரண்டும் ஒரே அளவில் பிடிப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் தொல்லையும் குறைவு.

லண்டன் முதல் பாடி வரை

டிஸ்க் பிரேக் ஏதோ நேற்று வந்த சங்கதி அல்ல. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்றைய உலோகங்களும் சாலைகளும் அதற்குத் தயாராக இல்லை. 1953-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இரண்டே வருஷத்தில், 1955-ல், பிரான்ஸின் சிட்ரோயன் டிஎஸ் கார் முன்சக்கர டிஸ்க்குடன் பெரும் எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தது.

நம் ஊரில் நிலைமை வேறு. மேற்கு வங்கம் உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் தயாராகத் தொடங்கிய அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வாரிசு. நாலு சக்கரத்திலும் டிரம்தான். மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினியும் அப்படியே. வேறு கார் கிடைக்காத காலம் அது. கம்பெனிகளுக்கு அவசரமும் இல்லை. பின்னாளில் போட்டி வந்தபோது, சில அம்பாசடர் ரகங்களுக்கு நிறுவனமே முன்சக்கர டிஸ்க் பிரேக் கொடுத்தது. 2014-ல் அம்பாசடர் தயாரிப்பு நின்றுபோனது.

பிரேக் தயாரிப்பில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-ல் தொடங்கிய 'பிரேக்ஸ் இந்தியா', சென்னை பாடியிலிருந்து நாடு முழுக்க பிரேக் பாகங்களை அனுப்பியது. அதனால்தான் பழைய வண்டிகளுக்குக்கூட வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட் போன்றவை ஸ்பேர்ஸ் கடைகளில் இன்றும் கேட்டால் கிடைக்கின்றன.

முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள்

டிஸ்க் போட்டால் வண்டி பாதி தூரத்தில் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. கடைசியில் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம்தான். நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக்கும் ஒரே மிதியில் சக்கரத்தை லாக் செய்துவிடும். டிஸ்க்கின் அருமை ஒரு முறை நிறுத்துவதில் தெரியாது. பத்தாவது முறையும் முதல் முறை மாதிரியே நிற்பதில்தான் தெரியும்.

ஷெட்டில் பத்து வருஷம் தூங்கிய வண்டி என்றால் முதலில் பார்க்க வேண்டியவை: டயர் கெட்டித்துப் போயிருக்கிறதா, வீல் சிலிண்டர் கசிகிறதா, டிரம் உள்ளே வரி விழுந்திருக்கிறதா, ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, ஷூ சரியாக அட்ஜஸ்ட் செய்யப்பட்டிருக்கிறதா. இவற்றைச் சரிசெய்த பின், வருஷத்துக்கு இரண்டு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சமவெளியில் ஓடும் வண்டிக்கு டிரம்மே போதும். மலை ஏறி இறங்குகிறவர்கள், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஆகியோருக்குத்தான் டிஸ்க் மாற்றம் உண்மையில் பலன் தரும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம்.

மாற்றும்போது என்னென்ன மாறும்?

'டிரம்மைக் கழட்டி டிஸ்க்கை மாட்டினால் முடிந்தது' என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இது முழு பிரேக் சிஸ்டத்தையும் மாற்றும் வேலை.

*முன்சக்கரம் மட்டும் போதும்:* பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. பின்னால் டிரம் அப்படியே இருக்கலாம். ஹேண்ட் பிரேக்கும் அதில்தானே வேலை செய்கிறது.

*எந்த வண்டியின் பாகம்?:* மிக நல்ல வழி, அதே ரகத்தில் கம்பெனியே டிஸ்க்குடன் விட்ட வண்டியின் ஸ்டப் ஆக்ஸில், ஹப், டிஸ்க், காலிப்பர் எல்லாவற்றையும் செட்டாக எடுத்து மாட்டுவது. அம்பாசடர்காரர்களுக்கு இந்த வசதி உண்டு. வேறு காரின் காலிப்பரை மாட்டுவதென்றால் நடுவே ஒரு பிராக்கெட் தேவைப்படும். வண்டியை நிறுத்தும் முழு விசையும் அந்தச் சின்ன பிராக்கெட் மேல்தான் வரும். கைக்குக் கிடைத்த தகட்டை வெட்டிப் பற்றவைக்கும் வேலை இதில் ஆகவே ஆகாது. கனமான இரும்பில், லேத்திலும் மில்லிங்கிலும் அளவெடுத்துச் செய்ய வேண்டும். ஸ்டப் ஆக்ஸிலில் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது.

*வீல் இடிக்குமா?:* காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று வீலை மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ரப்பர் ஹோஸ் எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

*மாஸ்டர் சிலிண்டர்:* பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். காலிப்பரின் பிஸ்டன் பெரியது. அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அந்த அளவுக்குக் கொடுக்காவிட்டால் பெடல் அடிவரை போகும். அத்துடன், டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஒரு வால்வு இருப்பதுண்டு. டிரம்முக்கு அது தேவை. டிஸ்க் லைனில் அது இருந்தால் காலை எடுத்த பின்னும் பேடு தகட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வண்டி இழுக்காது, டிஸ்க் காய்ந்து நீலம் பாரிக்கும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். டிஸ்க் மாற்றும்போதே இரட்டை அறை கொண்ட 'டேண்டம்' மாஸ்டர் சிலிண்டருக்கு மாறிவிட்டால், முன்லைன் போனாலும் பின்லைன் வேலை செய்யும். டிஸ்க்கைவிட இந்த ஒரு மாற்றம்தான் பெரிய பாதுகாப்பு என்றுகூடச் சொல்லலாம்.

*பூஸ்டர்:* டிரம் தானாக இறுக்கிக்கொள்வது போல டிஸ்க் செய்யாது. அதனால் பெடலை ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் வேக்குவம் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜின் என்றால் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் கிடைக்கும். டீசல் இன்ஜினில் அது கிடைக்காது. டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள், வேக்குவம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டருக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

*முன் பின் சமநிலை:* பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். மழையில் இது மிக ஆபத்து. முன்சக்கரம் சற்று முன்னதாகப் பிடிக்கும்படி அமைப்பு இருக்க வேண்டும். தேவைப்பட்டால் பின்லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் புரபோர்ஷனிங் வால்வு போட வேண்டும்.

*ஏர் எடுப்பது:* காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை முறை பம்ப் அடித்தாலும் காற்று வெளியேறாது. 'நாள் முழுக்க ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கு' என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆயிலை அலட்சியம் செய்யாதீர்கள்

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸிலும், டாட் 4 ஆயில் 230 டிகிரியிலும் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு இது முறையே 140, 155 டிகிரி வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் சும்மா கீழே போகும். பிரேக் பாகம் அத்தனையும் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். எனவே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள். பாதி காலியாகி, மூடி திறந்து கிடந்த டப்பாவை மிச்சம் பிடித்து ஊற்ற வேண்டாம். பெயின்ட் மேல் சிந்தினால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஆர்.டி.ஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரேக் வகை பொதுவாக ஆர்.சி-யில் குறிக்கப்படுவதில்லை. என்றாலும் வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. பாகங்களின் பில், பட்டறை ரசீது, போட்டோக்களைப் பத்திரப்படுத்துங்கள். 15 வருஷம் தாண்டிய சொந்த காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்கும்போது, நல்ல பிரேக் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும்.

50 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'விண்டேஜ்' என்று பதிவு செய்தால், எண்ணில் 'வி.ஏ' எழுத்துகள் வரும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. உங்கள் வண்டி அந்த வரிசைக்குப் போக வேண்டியது என்றால் டிரம்மோடு அப்படியே விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். கோவையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய கார்களை அசலாகப் பார்க்கும்போது, அந்த அசலுக்கு என்ன மதிப்பு என்பது புரியும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. எதையும் வெட்டாமல், துளைக்காமல், போல்ட்டில் மட்டும் மாட்டும்படி மாற்றம் செய்யுங்கள். கழற்றிய டிரம், ஹப், ஷூ எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி, பெயர் எழுதி, பெட்டியில் வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை அசலாக வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் பழையபடி மாற்றிவிடலாம்.

மலைக்குப் போகும் முன்

* இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது.
* பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு இருக்கிறது.
* முதல் சோதனை காலி மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில். பிறகுதான் சாலை.
* புதிய பேடு தகட்டோடு படிய வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் மிதமாக மிதித்து ஓட்டுங்கள். சக்கரம் லாக் ஆகும்படி மிதிக்க வேண்டாம்.
* 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும், பைப் இணைப்புகளையும் மறுபடி பாருங்கள்.
* வண்டியில் சீட் பெல்ட் இல்லை என்றால், இந்த வேலையோடு சேர்த்து அதையும் பொருத்திவிடுங்கள். வண்டி சட்டென்று நின்றால் உள்ளே இருப்பவர்களும் நிற்க வேண்டுமே!

டிஸ்க் போட்டாகிவிட்டது என்ற தைரியத்தில் பழைய பாடத்தை மறக்கக் கூடாது. எந்த கியரில் மலை ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பெடலில் காலை வைத்துக்கொண்டே இறங்காமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுக்க எடுத்து, பிரேக்குக்கு ஆறுவதற்கு நேரம் கொடுங்கள். பாதி வழியில் நிறுத்தி ஒரு டீ குடிப்பது டிரைவருக்கு மட்டுமல்ல, பிரேக்குக்கும் நல்லது.